செத்தவனுக்கும் ஒரு வீடு உண்டு

ஒரு கொலையை அழகாகக் காட்டலாமா? படம் பார்த்துவிட்டு டீக்கடையில் பேசி மறந்துவிடுகிற கேள்வி என்று பலர் நினைப்பார்கள். எனக்கு இது சாமி கும்பிடுவதோடு சேர்ந்த கேள்வி. நான் சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் அச்சகத்தில் பகலில் பழனி முருகன் காலண்டர் ஓடும். அதே மிஷினில் ராத்திரி சினிமா போஸ்டர் ஓடும். அம்மனின் கைக்கும் துப்பாக்கி பிடித்த கைக்கும் ஒரே மெஜந்தாவையும் மஞ்சளையும் வைத்துத்தான் தோல் நிறம் கொண்டுவருவோம். அழகு போட்ட சோற்றில் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அழகைப் பழிக்க எனக்கு வாய் வராது. அது எந்த இடத்தில் நின்றால் வழிபாடு, எந்த இடத்தில் நின்றால் பாவம் என்பதைத்தான் இங்கே கேட்க வருகிறேன்.

கேட்பதற்கு ஒரு படம் போதும். விஷ்ணுவர்தன் இயக்கத்தில் 2007 டிசம்பர் 14 அன்று வெளிவந்த ‘பில்லா’. டிசம்பர் எங்களுக்குக் காலண்டர் வேலை நெருக்குகிற மாதம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும், ஆர்டர் சேரும், தீபாவளி கழிந்துவிட்டால் மிஷின் நிற்காது. அந்த நெருக்கடியிலும் என் மகன் விடாமல் அழைத்துப் போனான். மலேசியாவின் கண்ணாடிக் கட்டடங்கள், கருப்புக் கோட்டு, கருப்புக் கண்ணாடி, அஜித்தின் நடை, யுவன் சங்கர் ராஜாவின் இசை. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் படம் முழுக்கக் கருப்பு ஆண்டது. அச்சில் கருப்பை வெறும் கருப்பு மையால் மட்டும் அடித்தால் வெளிறிப்போய்த் தெரியும். அதற்கு அடியில் கொஞ்சம் சயான் ஓட்டவேண்டும். அப்போதுதான் கருப்பு இறங்கி உட்காரும். திரையில் நீலம் ஓடிய அந்தக் கருப்பைப் பார்த்ததுமே, வேலை தெரிந்த கை செய்தது என்று கண்டுகொண்டேன். இன்றைக்கும் அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன்.

கதை புதிதில்லை. 1978-ல் சலீம், ஜாவேத் எழுதி சந்திரா பரோட் இயக்கிய இந்திப் படம் ‘டான்’. அது 1980-ல் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில் ரஜினிகாந்த் நடிக்க ‘பில்லா’ என்று தமிழுக்கு வந்தது. ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவன் செத்துப்போகிறான். செய்தி வெளியே தெரியாமல் மறைத்துவிட்டு, அதே முகமுள்ள ஒரு எளிய மனிதனை அவன் இடத்தில் உட்காரவைக்கிறார் ஒரு போலீஸ் அதிகாரி. பிறகு அந்த அதிகாரியும் இறந்துபோகிறார். எளிய மனிதனை எளிய மனிதன் என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் மிச்சமில்லை. வேஷத்தைக் கழற்றினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஆன்மிகக் கேள்வி ஒரு மசாலாப் படத்துக்கு வாய்க்குமா? எங்கள் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, வாழ்நாளெல்லாம் மனிதர்களை நோக்கித் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: நான் யார்? இந்த முகமா, இந்தச் சட்டையா, ஊர் என்மேல் ஒட்டிய பெயரா? செத்த தலைவன் பில்லாவின் கோட்டுக்குள் நிற்கும் எளிய மனிதன் வேலுவின் தொண்டையில் அந்தக் கேள்விதான் அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும். 2007-ஆம் வருஷத்துப் படம் அங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வேலு கோட்டைப் போட்டதும் அவனையும் பில்லாவைப் போலவே நடக்கவிட்டு ரசிக்கிறது. உடன்பிறந்தவனைக் கொன்றவனைப் பழிவாங்க அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்த பெண்ணின் துக்கம் அவள் உடுத்திய கருப்பு உடைக்குள் காணாமல் போகிறது. பழைய படங்களில் பிள்ளைகளைத் தேடி அலையும் ஒரு தகப்பன் உண்டு. இதில் அவனும் இல்லை. மேலே ஓடிய கருப்புக்கு அடியில் ஒளிப்பதிவாளர் நீலம் வைத்தார். கதைக்கு அடியில் அப்படி ஒன்றை யாரும் வைக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு பொங்கல் சமயம் டிவியில் இதே படம் ஓடிக்கொண்டிருந்தது. என் அக்கா வந்திருந்தாள். பட்டாசு ஆலையில் திரி வைக்கிற வேலை பார்த்தவள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்தே போகிறவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏ தம்பி, இத்தன பேரு செத்து விழுறானே, ஒருத்தன் வீட்டையாவது காட்டுனானா?”

அந்தக் கேள்வியை அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெடி என்பது கேமராவுக்காக நடப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஆலை வெடித்தபோது 40 பேர் வரை மாண்டார்கள். முதல் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். பேப்பரில் ‘உராய்வு காரணமாக’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கூட்டத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். கருகின உடம்பில் முகம் தெரியாது. காலில் கிடக்கும் மெட்டியை, கையில் ஒட்டிக்கிடக்கும் வளையலைப் பார்த்து, இது நம்ம பிள்ளைதான் என்று தாய் சொல்லவேண்டியிருக்கும். அணிந்திருந்தது அங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. பில்லாவின் கோட்டோ உள்ளே நிற்கும் ஆளை மறைக்கிறது. என் அக்கா கேட்டது இந்த வித்தியாசத்தைத்தான்.

என் மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அப்பா, அது ஸ்டைல் படம். மூடுதான் அதுக்குக் கதை. பாட்டுக் கேட்கும்போது ராகத்துக்கு என்ன பொருள்னா கேட்கிறோம்?” என்றான். நியாயமான வாதம். அவனுக்குப் பதில் சொல்ல வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. நம் கோயில்களே போதும்.

அலங்காரத்தைத் தமிழனைப் போலக் கொண்டாடியவர் யார்? பெருமாளை அலங்காரப் பிரியன் என்றே சொல்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோத்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் அணிய மதுரைக்குப் போகிறது. அந்தப் பூவைவிட நல்ல பூ திருப்பதியில் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் அந்த மாலையில் ஒரு பெண்ணின் கழுத்துச் சூடு இருக்கிறது. பெரியாழ்வார் மகளின் தலைமுடியை மாலையில் கண்டு பதறி, வேறு மாலை கட்டினார். பெருமாளுக்கு முதல் மாலைதான் வேண்டியிருந்தது. ஒரு மனுஷியின் ஆசை தொட்டதால் அலங்காரத்துக்கு உயிர் வந்தது. பில்லாவின் கோட்டுக்கு அப்படி யாருடைய சூடும் இல்லை. யார் போட்டாலும் அவன் பில்லா ஆகிவிடுகிறான். படத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கோயிலில் அலங்காரம் தினமும் களையப்படுகிறது. அபிஷேகத்தின்போது நகை, பட்டு, மாலை எல்லாம் இறங்கி, கருங்கல் மேனியில் தண்ணீரும் பாலும் வழியும். அந்த வெறுந்திருமேனியைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள்தான் பிறகு தங்கக் கவசத்தையும் பார்த்துக் கைகூப்புகிறார்கள். களைந்தாலும் உள்ளே ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தவர்களுக்குக் கவசம் கண்ணை மறைக்காது.

வன்முறையும் நம் கோயிலுக்குப் புதிதில்லை. நடராஜர் திருமேனியைவிட ஸ்டைலான ஒரு உருவத்தை உலகத்தில் யார் வார்த்தார்கள்? தூக்கிய திருவடி, விரிந்த சடை, கையில் நெருப்பு. அந்தக் காலடியில் முயலகன் கிடக்கிறான். சோழர் காலத்துச் சிற்பி அவனுக்கும் கண், மூக்கு, கைகால் எல்லாம் வைத்தான். மிதிபடுகிறவனுக்கும் முகம் உண்டு, பெயர் உண்டு. கந்தபுராணத்தில் முருகன் சூரபத்மனைக் கொன்று தூர எறிந்துவிட்டுப் போகவில்லை. மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு பாதி மயிலாகிறது, மறுபாதி சேவலாகிறது. தோற்றவனை வாகனமாக்கிக் கொடியில் ஏற்றி என்றைக்கும் தன்னோடு வைத்துக்கொண்ட கடவுள் அவன். ‘பில்லா’வில் வேலுவின் அறிமுகமே பத்துமலையில் 140 அடி முருகன் சிலை முன்னால் சேவற்கொடியைப் பாடி ஆடும் பாட்டுத்தான். அந்தக் கொடியில் இருப்பது கொல்லப்பட்ட எதிரி. அதைப் பாடிய படமே தன் கதையில் விழுந்த ஒருவனைக்கூட நினைவில் வைக்கவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

தமிழில் குற்றக் கதை என்றால் அதற்குத் தாய் சிலப்பதிகாரம். ஒரு நகைத் திருட்டு, ஒரு பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காமல் ஒரு மரண தண்டனை. அதையும் ஒரு ஸ்டைல் கதையாகச் சொல்லியிருக்கலாம். மதுரையின் செல்வமும் மாளிகையும் இளங்கோவடிகளின் கைக்கு வசப்பட்டவைதான். அவற்றை அவர் கண்நிறையக் காட்டவும் செய்கிறார். ஆனால் கோவலன் வெட்டுப்பட்டதும் அவர் நம்மை அவன் மனைவியிடம் கூட்டிப்போகிறார். அவள் பாண்டியன் சபைக்கு வந்து, நான் இன்ன ஊர், என் புருஷன் இன்னார் என்று சொல்லி நிற்கிறாள். பிறகு நடப்பதை எல்லோரும் அறிவோம். அரசியின் சிலம்புக்குள் முத்து. கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். உடைத்துப் பார்த்தபோதுதான் நியாயம் தெரிந்தது. என் அக்கா டிவி முன்னால் கேட்டதும் அதைத்தான். வெளிவேலைப்பாடு சரி. உள்ளே என்ன பரல் போட்டிருக்கிறாய்?

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ராத்திரி வானத்தில் சிவப்புப் பூ விரிந்தால் மற்ற ஊரில் ஆகா என்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ஸ்ட்ரான்சியம் என்று தெரியும். பச்சை பேரியம். நீலம் தாமிரம். வெள்ளி ஒளி அலுமினியப் பொடி. அது சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களின் கைரேகையிலும் காதுமடலிலும் மினுங்கும். பேன்சி ரகத்துக்கு மணி மருந்து உருட்டுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிறம் சும்மா வருவதில்லை. அதற்கு ஒரு உடம்பு இருக்கிறது, அதைத் தொட்ட ஒரு கை இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அதனால் எங்கள் ஊர் பட்ட கஷ்டம் தனிக்கதை. வேலை இழந்தவர்களின் வயிற்றெரிச்சலும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஒரு பழைய நியாயம் இருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சையைப் பார்த்து, உனக்குள் என்ன இருக்கிறது, அதை யார் சுவாசிக்கிறார்கள் என்று ஒரு நீதிமன்றம் கேட்டது. அழகுக்கும் விசாரணை உண்டு.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். சினிமாத் திரையை உவமையாகச் சொன்னவரே ரமணர்தானே? திரையில் நெருப்புப் பற்றினாலும் திரை வேகாது, வெள்ளம் வந்தாலும் திரை நனையாது, வந்துபோகும் படங்களைப் பிடித்துக்கொள்ளாமல் மாறாத திரையைப் பார் என்று தம்மிடம் வந்தவர்களுக்கு அவர் விளக்கியிருக்கிறார். அப்படியானால் படத்தில் எத்தனை பேர் செத்தால் என்ன? நிழல்தானே?

இதை நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் ரமணரின் சொல்லைவிட அவர் இருந்த விதத்தில் இருக்கிறது. உலகம் நிழல் என்று சொன்ன அவர் விடியற்காலையில் எழுந்து ஆசிரமச் சமையல்கட்டில் காய் நறுக்கினார். பந்தியில் தமக்கென்று தனியாக எதையும் வைக்கவிடவில்லை. லட்சுமி என்ற பசு 1948-ல் இறக்கும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுத்து, மனிதர்களுக்குச் செய்வது போலவே சமாதி எழுப்பச் செய்தார். திரையை அறிந்தவருக்குத் திரையில் வருகிற ஒவ்வொரு உயிரும் கண்ணில் பட்டது. கவனிக்காமல் கடந்துபோகிறவனின் அலட்சியத்துக்கு அவருடைய வேதாந்தத்தைத் துணைக்கு அழைக்கமுடியாது. அலட்சியம் வேறு, பற்றின்மை வேறு. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முகம் மாறாமல் ஒருவனைச் சுடுகிற நாயகன் ஞானியைப் போலத் தோன்றலாம். ஞானிக்குக் கோபம் இராது, அவனுக்கும் இல்லை. ஆனால் ஞானிக்கு இருந்த இரக்கம் அவனுக்கு இல்லை. அந்த முகத்தை நம் பிள்ளைகள் அமைதி என்று நம்பிப் பழகுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தெய்வப் படங்களில் அலங்காரத்துக்கும் உள்ளிருப்பவருக்கும் இடையே ஒரு சமநிலை எப்படி வந்தது என்று எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒரு சாட்சி உண்டு. சிவகாசி அச்சகங்களில் பல காலம் ஓடிய சாமி படங்களின் மூலவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னையில் ஓவியம் படித்தார். சிறிது காலம் ரமணரின் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். நாடக வெளிச்சத்தின் பகட்டு அவருடைய லட்சுமியிலும் முருகனிலும் தாராளமாக இருக்கிறது. நகையும் ஜரிகையும் கண்ணைப் பறிக்கும். இருந்தும் அந்தச் சாமிகளின் கண் நம்மைப் பார்க்கும். பிளேட் மாட்டி முதல் தாள் வந்ததும் நாங்கள் ரிஜிஸ்டர் சரியா, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது கண்ணில்தான். கிரீடத்தில் ஒரு நூல் விலகினால் யாருக்கும் தெரியாது. கண்ணில் விலகினால் அந்தத் தாள் கழிவு.

குற்றப் படத்திலும் இது முடியும். 2011-ல் தியாகராஜன் குமாரராஜா இயக்கிய ‘ஆரண்ய காண்டம்’ அதற்குச் சாட்சி. இசை அதே யுவன் சங்கர் ராஜா. பி.எஸ். வினோதின் ஒளிப்பதிவில் ஒவ்வொரு சட்டமும் அளந்து வைத்த ஸ்டைல். கூட்டத் தலைவன், போதைப்பொருள், துரத்தல், ரத்தம், எல்லாம் உண்டு. ஆனால் கொடுக்காப்புளி என்ற சிறுவனும், குடித்து வாழ்வைத் தொலைத்த அவன் தகப்பன் காளையனும் அந்தப் படத்துக்குள் நடமாடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தகப்பன்மேல் பெரிய மரியாதை கிடையாது, ஆனாலும் விட்டுக்கொடுக்கமாட்டான். காளையன் அடிவாங்கும்போது நமக்கு வலிக்கிறது, ஏனென்றால் அவனுக்கு ஒரு பிள்ளை இருப்பது நமக்குத் தெரியும். படத்தின் அலங்காரத்தை முழுக்கக் களைந்தாலும் அந்த இரண்டு பேரும் நிற்பார்கள். என் மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ராகத்துக்குப் பொருள் வேண்டாம். மனிதன் சாகிற கதைக்கு மனிதன் வேண்டும்.

அலங்காரம் தன்னைத் தாண்டி ஒருவரைக் காட்டினால் வழிபாடு. ஒருவரைக் காணவிடாமல் தானே நிறைந்து நின்றால், எவ்வளவு திறமை அதில் போயிருந்தாலும், பாவம். ‘பில்லா’ திறமையால் செய்த அந்தப் பிழை. அதன் வெற்றிக்குப் பிறகு கோட்டும் கண்ணாடியும் மெதுநடையும் தமிழில் பலருக்குக் கதையாகவே ஆகிவிட்டன.

அடுத்த குற்றப் படத்துக்கு ஷாட் பிரித்துக்கொண்டிருக்கிற தம்பிமார்களிடம் ஒரு வேண்டுகோள். சுடுங்கள், வெடிக்க வையுங்கள், வெளிச்சத்தை உங்கள் இஷ்டப்படி அமையுங்கள். விழுகிறவர்களில் ஒருவருடைய வீட்டுக்காவது கேமராவைக் கொண்டுபோங்கள். பார்க்கப் போகிற நீங்களும் படம் முடிந்து வெளியே வரும்போது, அதில் செத்தவர்களில் ஒரு பெயரையாவது சொல்லமுடிகிறதா என்று யோசியுங்கள். முடியவில்லை என்றால், அந்தப் படத்துக்கு இரண்டாவது தடவை டிக்கெட் எடுக்காதீர்கள்.